தோள் அளவு

ஜூன் 6

என் ஓட்டக்கார மருமகளுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது கேட்டால் கோபித்துக்கொள்வாய். தொடைப் பக்கம் தளர்த்தித் தரச் சொல்லி நீ அனுப்பிய நீல ட்ராக் பேண்ட்டை நான் போட்டுப் பார்த்தேன். சும்மா ஒரு ஆசைதான். மதியம், கடையில் ஈ காக்கை இல்லை. உள்ளே போகும்போது சமர்த்தாகப் போனது, வெளியே வருவதற்கு மறுத்துவிட்டது. முட்டிக்கு மேல் ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. அந்தக் கோலத்தில் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எதிர்க்கடை சாவி ரிப்பேர்க்காரர் ஊசி கேட்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா, நீங்களும் ஓடப் போறீங்களா?" என்றார்.

"ஆமா, உங்கள பாத்ததும் ஓடணும்னுதான் தோணுது" என்றேன். ஊசி வாங்காமலே போய்விட்டார்.

பேண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் அரை அரை இஞ்சு பிரித்து விட்டிருக்கிறேன். உங்கள் விளையாட்டு விடுதி மாஸ்டர் போன்களை எல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறார், ஆனால் துணி பார்சலைப் பிரிப்பதில்லை என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே கொண்டாட்டம். ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து இப்போதுதான் உபயோகப்படுகிறது. இந்தக் கடிதம் வலது பாக்கெட்டில் இருக்கும். இடது பாக்கெட்டில் இருக்கும் கொண்டை ஊசிகள் உன்னுடையவை, நீ அனுப்பும்போதே இருந்தவை. பாக்கெட்டைத் துழாவாமல் நான் எந்தத் துணியிலும் கத்தரி வைக்க மாட்டேன், தெரியும்தானே.

உன் அப்பா சௌக்கியம். கிடங்கில் மூட்டை இறக்க வரும் லாரிக்காரர்கள் எல்லாரிடமும் பேப்பரில் வந்த உன் படத்தைக் காட்டுகிறான். பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்துச் சுற்றுகிறான். மடித்து மடித்து உன் மூக்கு போய்விட்டது. மூக்கு இல்லாமலும் லட்சணமாகத்தான் இருக்கிறாய்.

தோள் இறுக்குகிறது என்று எழுதியிருந்தாயே, சாப்பாடு அவ்வளவு நன்றாகப் போடுகிறார்களா, இல்லை வேறு ஏதாவது சந்தோஷமா? யாராக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்.

உன் அத்தை

ஜூன் 25

அத்தை,

பேண்ட் சரியாக இருக்கிறது. சாவிக்காரரை நினைத்துச் சிரித்ததில் நெட்டை எழுந்துவிட்டாள். நெட்டை என்றால் என் பக்கத்துக் கட்டில். ஈட்டி எறிகிறாள். அவள் கால் கட்டிலுக்கு வெளியே தொங்கும், வாசலுக்குப் போகிறவர்கள் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

யாரும் இல்லை அத்தை, நம்பு. இங்கே ஓடுவதற்குத்தான் நேரம்.

இரண்டு நிமிடம் பதினெட்டு வினாடியில் ஓடிக்கொண்டிருந்தவள், போன வாரம் இரண்டு பன்னிரண்டு ஓடினேன். எண்ணூறு மீட்டருக்கு. ஆறு வினாடி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, போகட்டும், ஒரு பொத்தான் தைக்கிற நேரம். அந்த நேரத்தில் ஐந்து பேர் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். இப்போது நான் தாண்டுகிறேன்.

இந்த மலைப் பக்கத்தில் ஜூனிலும் காலையில் மைதானம் முழுக்கப் பனி இறங்கியிருக்கும். எதிர்ப் பக்கம் தெரியாது. வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரியும், நீ துணியில் சாக் போட்டு இழுத்தது மாதிரி. அதில் காலை வைத்தால் போதும், கோடே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது. முன்பெல்லாம் இரண்டாவது சுற்றில் நெஞ்சு எரியும். இப்போது ஒன்றும் இல்லை. காது அடைத்துக்கொள்கிறது, யாரோ ஓடுகிறார்கள், நான் அவள் மேல் உட்கார்ந்துகொண்டு போகிற மாதிரி இருக்கிறது. சில நாள் நிறுத்தவே மனம் வருவதில்லை.

அக்டோபர் பன்னிரண்டு தேர்வு. மூன்று பேரை எடுப்பார்கள். எடுத்தால் பெரிய அணி, வெளிநாடு எல்லாம். எடுக்காவிட்டால் பதினெட்டு வயதானதும் விடுதியைக் காலி செய்ய வேண்டும். மாஸ்டர் எனக்கு நிச்சயம் என்கிறார். புதன்கிழமைதோறும் எங்கள் அறைக்குச் சத்து ஊசி போடுகிறார். சோர்வு தெரியாது.

வெள்ளைச் சட்டை இரண்டும் அனுப்பியிருக்கிறேன். தோளில் விட்டுக் கொடு. நெட்டையை விட்டு நீ கொடுத்த டேப்பால் அளந்தேன். தோள் பதினைந்தே கால், கழுத்து பதின்மூன்று.

உன் மருமகள்

ஜூலை 11

வினாடிக்கு ஒரு இஞ்சு வளரும் மருமகளுக்கு,

சட்டைகள் இதோடு இருக்கின்றன. விட்டுக் கொடுத்திருக்கிறேன். இனி உள்ளே பிரிக்கத் துணி கொஞ்சம்தான் இருக்கிறது.

நல்லது முதலில். இரண்டு பன்னிரண்டை உன் அப்பா மொத்தக் கிடங்குக்கும் சொல்லிவிட்டான். மேற்பார்வையாளர் "ரெண்டு பன்னெண்டுன்னா ரயிலா?" என்று கேட்டாராம். உன் அப்பா அதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறான்.

இப்போது மற்றது. உன் அளவு நோட்டு என்னிடம் இருக்கிறது. நாலு வயதில் உன் அம்மா போன பிறகு, என் மிஷினுக்கு அடியில் வெட்டுத் துணி மேல் தூங்கினாயே, அப்போதிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். ஜனவரியில் தோள் பதினாலரை. இப்போது பதினைந்தே கால். பெண் பிள்ளைகள் வளர்வதையும் நான் தைத்திருக்கிறேன், ஆண் பிள்ளைகள் வளர்வதையும் தைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடைதான் எனக்கு வருஷம் முழுக்கச் சோறு. பெண் பிள்ளை எங்கே முதலில் விரிவாள், பையன் எங்கே விரிவான் என்று என் டேப்புக்குத் தெரியும். பதினேழு வயதில் பெண்ணுக்குக் கழுத்து பருப்பதை நான் தைத்ததில்லை.

இன்னொன்று. சட்டைப் பாக்கெட்டில் பஞ்சு உருண்டை ஒன்று இருந்தது, நடுவில் காய்ந்த ரத்தப் பொட்டு. முப்பது வருஷமாக விரலில் ஊசி ஏற்றிக்கொள்கிறவள் நான். தையல் ஊசி இவ்வளவு ஆழம் போகாது.

போன ஞாயிற்றுக்கிழமை விடுதி போனில் உன் அப்பா ஐந்து நிமிஷம் பேசினானே, முடித்துவிட்டு வந்து என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "மொதல்ல எவனோ ஒரு பையன் எடுத்தான், அப்புறம்தான் புள்ள வந்தா" என்றான். அங்கே பெண்கள் மட்டும்தானே இருக்கிறீர்கள்?

அந்த மூன்று நாளுக்கென்று மாதம் தவறாமல் உனக்கு நான் அனுப்பும் பொட்டலம் ஒன்று உண்டு. இந்தத் தடவை நீ அனுப்பிய பையில் ஏப்ரல் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. மே மாதத்ததும்தான்.

நான் படிக்காதவள். தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அது என்ன சத்து?

அத்தை

ஜூலை 30

அத்தை,

நீ துணி தைக்கிறவள். என்னைப் போலீஸ் மாதிரி துழாவ வேண்டாம்.

எல்லாரும்தான் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் அறையில் ஆறு பேர். நெட்டைக்குத் தோள் வலி போனதே அதனால்தான். மற்ற ஊர்ப் பிள்ளைகளும் போடுகிறார்கள், போடாதவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று மாஸ்டர் சொன்னார். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் நிறுத்திவிடுவார், சோதனையில் தெரியாது. குரல் கொஞ்ச நாளில் சரியாகிவிடும். அந்த இன்னொன்று வராமல் இருப்பது ஓட்டக்காரிகளுக்கு நல்லதுதான் என்று அவரே சொன்னார்.

ஆமாம், போனை எடுத்தது நான்தான். அப்பா "தம்பி, கொஞ்சம் கூப்பிடுப்பா" என்றார். கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு தொண்டையை ஒடுக்கிக்கொண்டு பேசினேன். போதுமா?

இப்போது இரண்டு ஒன்பது ஓடுகிறேன். இரண்டு ஒன்பது, அத்தை. இதை விட்டுவிட்டு நான் வந்து உன் மிஷினுக்கு அடியில் உட்கார வேண்டுமா? அப்பாவிடம் சொல்லாதே. சொன்னால் நான் உன்னோடு பேச மாட்டேன்.

ஓடும் சட்டை மூன்றும் அனுப்பியிருக்கிறேன். தோள் பதினாறு. தேர்வுக்குப் போட வேண்டும். பிரித்து விட்டுக் கொடு, போதும்.

ஆகஸ்ட் 12

கையெழுத்துப் போட மறந்துபோன மருமகளுக்கு,

திட்டினாய், வாங்கிக்கொண்டேன். நான்தான் கேட்டேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை.

நேற்று மதியம் மழை. ஆள் வரவில்லை. மிஷின் மேலேயே தலை வைத்துக் கண் அயர்ந்துவிட்டேன். மேலே கம்பியில் உன் சட்டைகள் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கனவில் அவை ஒவ்வொன்றாக இறங்கின. ஆள் இல்லை, சட்டைகள் மட்டும். கதவைத் திறந்துகொண்டு ஈரத் தெருவில் ஓட ஆரம்பித்தன. நானும் பின்னாலேயே போனேன், எனக்கு மூச்சு வாங்கவில்லை, நீ எழுதினாயே அது மாதிரி. நாலு வயதுச் சட்டை, பள்ளிக்கூடச் சட்டை, ஜனவரிச் சட்டை. ஒன்றைத் தாண்டி ஒன்று, ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிசு. கடைசியாக வந்தது எங்கள் கடைக் கதவு அகலம் இருந்தது. தெரு முனையில் போய் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கி நின்றது. நான் அதன் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நல்ல ஆழம். அடியில் வெட்டுத் துணி மேல் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நாலு வயதுதான். கூப்பிட்டேன், கேட்கவில்லை.

முழித்தபோது கன்னத்தில் மிஷின் பெயர் பதிந்திருந்தது. சாவிக்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார்.

அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். மூன்று சட்டையையும் பிரித்தேன். விட்டுத் தரவில்லை. ஜனவரி அளவுக்கு, பதினாலரைக்குப் பிடித்துத் தைத்து, மீதித் துணியை வெட்டி எறிந்துவிட்டேன். இனி வேறு எந்தத் தையல்காரன் நினைத்தாலும் பிரித்து விட முடியாது. இப்படி ஒரு வேலையை இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கைக்காரருக்கும் செய்ததில்லை. இதுவரை இரண்டு தடவை நீ கேட்டாய், இரண்டு தடவையும் விட்டுக் கொடுத்தேன். முதல் தடவை கேலி வேறு செய்தேன். இனி ஒரு நூல்கூட விட மாட்டேன்.

இரண்டு ஒன்பது பெரிசுதான். எனக்குத் தெரியும், பொத்தான் தைத்துப் பார்த்தேன், ஒன்றரைப் பொத்தான். ஆனால் அந்த ஒன்றரைப் பொத்தான் நேரம் முன்னால் வந்து நிற்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நீயா, புதன்கிழமையா? பதினேழு வயதில் உடம்பின் வேலையை நிறுத்தி வைத்தால், இருபத்தேழில் அது திரும்பி வந்து கதவைத் தட்டாது. இது டாக்டர் சொன்னதில்லை, நான் சொல்வது. டாக்டர் என்ன சொல்வார் என்று நீ கேட்டுப் பார்.

இங்கே வந்தால் மிஷினுக்கு அடியில் உட்கார வேண்டாம். இப்போது உனக்கு அங்கே இடம் போதாது. எதிரில் நாற்காலி போடுகிறேன்.

அத்தை

ஆகஸ்ட் 31

மருமகளே,

பார்சல் வந்து சேர்ந்ததா என்று பஸ் ஆபீசில் கேட்டேன். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். உன் கையெழுத்துதான், அந்தச் சுழியை எனக்குத் தெரியாதா.

இந்தத் தடவை அனுப்பத் துணி இல்லை. பாக்கெட் இல்லாமல் எப்படிக் கடிதம் அனுப்புவது என்று யோசித்து, ஒரு வெறும் பாக்கெட் மட்டும் தைத்து, அதற்குள் இதை வைத்திருக்கிறேன். உள்ளே காஜா போட்டுப் பொத்தானும் வைத்திருக்கிறேன். பார், நன்றாக வந்திருக்கிறது.

சாவிக்காரர் உன்னைக் கேட்டார். உன் அப்பா உன்னைக் கேட்டான். நான் யாரைக் கேட்பது?

அத்தை

செப்டம்பர் 22

அத்தை,

அந்தப் பாக்கெட் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மூன்று வாரமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் பார்சலைப் பிரித்த அன்று எனக்கு வந்த கோபத்தில் சட்டைகளைக் குப்பையில் போட்டேன். நெட்டை எடுத்துக் கொண்டு வந்து வைத்தாள். ஒரு ஞாயிறு மதியம், எல்லாரும் தூங்கும்போது, உனக்குக் காட்டுகிறேன் பார் என்று ஒன்றைப் போட்டேன். தலை போனது. ஒரு கை போனது. இரண்டாவது கை பாதியில் நின்றது. கை இரண்டும் மேலே, முகம் துணிக்குள்ளே. அசைய முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் துணி வழியாகப் பால் மாதிரி வந்தது. உன் கடை வாசனை அடித்தது, மிஷின் எண்ணெயும் சாக் கட்டியும். எனக்குக் கோபம் எங்கோ போய்விட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், அத்தை. மிஷின் சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

நெட்டை எழுந்து பார்த்துச் சிரித்தாள். "இழுடி" என்றேன். அந்தச் சத்தம் துணியில் பட்டு என் காதுக்கே திரும்பி வந்தது. கனத்த குரல். அப்பா போனில் கேட்ட பையன்தான் அந்தச் சட்டைக்குள்ளே இருந்தான். எனக்குப் பயமாகிவிட்டது. வெளியே எடு, வெளியே எடு என்று கத்தினேன். அதையும் அவன்தான் கத்தினான்.

நெட்டை கத்தரிக்கோல் எடுத்தாள். வெட்டக்கூடாது என்றேன். பக்கத் தையலை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அரைமணி நேரம் ஆனது. நீ எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறாய் என்று திட்டிக்கொண்டே பிரித்தாள்.

வெள்ளிக்கிழமை விடுதிக்கு ஒரு டாக்டரம்மா வருவார், வயிற்று வலி, சுளுக்கு இதெல்லாம் பார்ப்பார். வரிசையில் கடைசியாக நின்றேன். நெட்டையிடம் முன்னாலேயே சொன்னேன், நான் என்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன் என்று. அவள், நீ ஒன்றைச் சொன்னால் ஆறையும் பிடிப்பார்கள் என்றாள். அது எனக்கும் தெரியும். இருந்தும் போனேன். அதை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ஏப்ரல்ல இருந்து."

பேனாவை மூடி வைத்தார். பிறகு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நீ காலர் அளக்கும்போது தொடுவது மாதிரியே. நிறுத்தினால் மாதக் கணக்கு திரும்பிவிடும், நாளாகும் என்றார். ஈரலையும் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். குரல் முழுசாகத் திரும்பாது என்றார்.

ரத்தம் எடுத்தார்கள், ஆட்கள் வந்தார்கள், எழுதி வாங்கினார்கள். மாஸ்டரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வயதான மாதிரி இருந்தார், பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனார். விசாரணை முடியும் வரை எனக்குத் தனி அறை. மற்ற ஐந்து பேரும் மாட்டிக்கொண்டார்கள். நெட்டை பேசுவதில்லை. சாப்பாட்டு அறையில் அவள் காலை இடித்தேன், மடக்கிக்கொண்டாள்.

தேர்வு எனக்கு இல்லை. அப்பாவுக்குக் கடிதம் வந்திருக்கும். நீயே அவரைப் பார்த்துக்கொள்.

உன் மருமகள்

அக்டோபர் 14

என் மருமகளுக்கு,

முந்தாநாள் பன்னிரண்டாம் தேதி. நான் கடையைத் திறக்கவில்லை. சும்மா இருந்தேன்.

பதினான்கு மாதம் ஓடக்கூடாது என்று முடிவாகி வந்த கடிதத்தை உன் அப்பா கொண்டு வந்து காட்டினான். நீயாகவே போய்ச் சொன்னதால் குறைத்தார்களாம், மற்ற பிள்ளைகளுக்கு அதிகமாம். அவன் இருபது நாளாக என்னோடு பேசவில்லை. உன்னோடு கோபம், என்னோடு கோபம், கிடங்கில் மூட்டையோடு கோபம். நேற்றுத்தான் ஒரு பேண்ட்டைக் கொண்டு வந்து மேஜை மேல் போட்டான். பாக்கெட் கிழிந்திருந்தது. பழக்கப்படி துழாவினேன். உன் படம் இருந்தது. மூக்கு மட்டுமில்லை, இப்போது நெற்றியும் போய்விட்டது. எடுத்து வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தேன்.

என் கத்தரியை எடுத்துப் பார்த்தான், வைத்தான். பிறகு, "நான் அவள அவசரப்படுத்திட்டேனா?" என்றான்.

"நீ மட்டும் இல்லடா தம்பி. நானும் ரெண்டு தடவ பிரிச்சு விட்டேனே" என்றேன்.

தைத்த பாக்கெட்டில் படத்தைத் திரும்ப வைத்துக்கொண்டு போனான். லாரிக்காரர்களிடம் காட்டுவதில்லை, ஆனால் வைத்திருக்கிறான்.

குரலைப் பற்றிக் கவலைப்படாதே. நான் போன் செய்தால் நூல் கடைக்காரன் மதிக்கவே மாட்டான், நாளை பார்க்கலாம் என்பான். அந்தக் குரலில் நீ ஒரு தடவை கேள், அன்றைக்கே அனுப்புவான்.

நாற்காலி போட்டாயிற்று. எதிரில், ஜன்னல் பக்கம். வா.

அத்தை

மறு வருஷம், டிசம்பர் 28

பதினான்கு மாதம் என் எதிரே உட்கார்ந்து பொத்தான் தைத்தவளுக்கு,

நீ போய் ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் கடையில் எதிரொலி கேட்கிறது. போன் கையில் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சாவிக்காரர் கேட்கிறார். போனில் பேசினால் நான்கு வார்த்தையில் அழுதுவிடுவேன், எழுதினால் எழுத்துப்பிழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதலாம் என்றேன். இதுவும் பாக்கெட்டில்தான் வருகிறது, பழுப்புப் பேண்ட், வலது பக்கம்.

புது மாஸ்டரம்மா எப்படி? விளையாட்டுச் சாமான் கடையில் நீ வேலை செய்துகொண்டே ஓட அவர் விடுகிறார் என்றால் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். நூல் கடைக்காரன் "சார் இல்லையா?" என்று உன்னைக் கேட்டான். சார் ஓடப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரிப் போட்டிக்கு நான் வருகிறேன். உன் அப்பாவுக்கு லீவு கிடைக்காது. ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டு வருகிறேன். அளவு அனுப்பு.

அத்தை

ஜனவரி 9

அத்தை,

தோள் பதினைந்து. இரண்டு தடவை அளந்தேன். ஊதா நிறத்தில் தை.

மாஸ்டரம்மா அதிகம் பேசுவதில்லை. ஓடி முடித்தால் நேரத்தைச் சொல்ல மாட்டார், எங்கே வலிக்கிறது என்று கேட்பார். எல்லா இடமும் என்பேன். நல்லது என்பார். இரண்டாவது சுற்றில் மறுபடியும் நெஞ்சு எரிகிறது. யார் மேலும் உட்கார்ந்து போக முடிவதில்லை. நானேதான் ஓட வேண்டியிருக்கிறது.

மற்ற பொட்டலம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

உன் மருமகள்

பிப்ரவரி 17

அத்தை,

உன்மேல் எனக்கு ஒரு கோபமும் ஒரு சந்தோஷமும் இருக்கின்றன.

சந்தோஷம் முதலில். நாலாவதாக வந்தேன், நீ பார்த்திருப்பாய். இரண்டு பதினாறு. அந்த இரண்டு ஒன்பதுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் இரண்டாவது சுற்று வளைவில் ஏழாவதாகப் போய்க்கொண்டிருந்தேன், மூச்சு முட்டி, நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோது, கூட்டத்தில் உன் குரல் கேட்டது. "தோள எறக்குடி, தோள எறக்கு" என்று. மற்ற எல்லாச் சத்தமும் அடங்கிப்போய், தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி அது மட்டும் கேட்டது. பார்த்தால் என் தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. இறக்கினேன். அதன் பிறகு மூன்று பேரைத் தாண்டினேன். கோடு கூட்டிக்கொண்டு போகவில்லை, ஆனால் கோட்டின் மேல் என் கால் இருந்தது தெரிந்தது.

ஓடி முடித்ததும் சோதனைக்கு என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரு சின்ன அறை, மூன்று தண்ணீர் பாட்டில், எதிரில் ஒரு அக்கா. சிறுநீர் வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த அக்கா பயமா என்று கேட்டார். இல்லை, வரமாட்டேன் என்கிறது என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அந்த அறையில் நான் தூங்கிவிட்டேன் தெரியுமா, உட்கார்ந்தபடியே.

வெளியே வந்தால் நீ இல்லை, கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டதாக மாஸ்டரம்மா சொன்னார்.

இப்போது கோபம். என் ஜாக்கெட் எங்கே? நீ மாஸ்டரம்மாவிடமும் கொடுக்கவில்லை. ஆனால் ஐந்தாவதாக வந்த பெண் ஊதா ஜாக்கெட் போட்டுக்கொண்டு எங்கள் பஸ்ஸில் ஏறினாள். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்துப் பட்டியில் நீ போடுகிற மூன்று இழை முடிச்சு இருந்தது. இறங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நெட்டை இன்னும் பேசவில்லை. எழுதியிருக்கிறேன்.

உன் மருமகள்

பிப்ரவரி 24

நாலாவதாக வந்த மருமகளுக்கு,

சோதனை அறையில் தூங்கினாய் என்று படித்துவிட்டு உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "தூங்கினாளா?" என்று மூன்று தடவை கேட்டான். பிறகு கிடங்குக்குப் போனான். சாயங்காலம் சாவிக்காரர் சொல்லித்தான் தெரியும், தெருவில் எதிர்ப்பட்ட லாரிக்காரர் ஒருவரை நிறுத்தி அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறான். மூக்கும் நெற்றியும் இல்லாததால், இது யார் என்று அவர் கேட்டிருக்கிறார். என் பொண்ணு, நாலாவது என்றானாம்.

ஜாக்கெட் விஷயம். கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடியை மிஷின் மேலேயே வைத்துவிட்டு வந்ததை பஸ் பாதி வழி போன பிறகுதான் கவனித்தேன். கவலைப்படவில்லை. முகம் எதற்கு, தோளைப் பார்த்தால் என் பிள்ளையைத் தெரியாதா என்று இருந்தேன். துப்பாக்கி வெடித்தது. மூன்றாவது கோட்டில் நல்ல அகலத் தோளாக ஒருத்தி போனாள். அவள்தான் என்று எழுந்து நின்றேன். இரண்டு சுற்றும் அவளுக்காகத்தான் கத்தினேன். தோளை இறக்கு என்றதும் அவளைப் பார்த்துத்தான். அவளும் இறக்கினாள்.

முடிந்ததும் படி இறங்கி ஓடி, பின்னால் இருந்து ஜாக்கெட்டை அவள் தோளில் போர்த்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். திரும்பினாள். மூக்கு வேறு. அவள் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லி, கை நுழைத்து, ஜிப் போட்டுக்கொண்டு போனாள். கூப்பிட்டிருக்கலாம். அவளுக்காக யாரும் வந்திருக்கவில்லை போலிருந்தது.

ஊருக்கு வந்து நோட்டையும் வெட்டிய காகிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். நீ அனுப்பியது பதினைந்து. நான் வெட்டியிருப்பது பதினாறு, அந்த ஜூலைக் கடிதத்து அளவு. எப்படி என்று தெரியவில்லை. உனக்குத் தொளதொளவென்று இருந்திருக்கும். அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. வலது பாக்கெட்டில், கடை முகவரியோடு, உனக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. அதுவும் போய்விட்டது.

அந்தப் பெண்ணிடமிருந்து நேற்று பதில் வந்தது. கை மட்டும் அரை இஞ்சு நீளமாம், குறைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

அத்தை